கயிறில்லாத மூன்றாவது ஆள்

தூத்துக்குடி,
1946 செப்டம்பர் 2

அன்பு மகன் ஹென்றிக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நானும் உன் தங்கச்சி பிளாரன்சும் சுகம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். பிளாரன்சுக்கு இருமல் நின்றுவிட்டது, தையல் பழகப் போகிறாள். கூரையில் இரண்டு இடத்தில் ஓலை மாற்ற வேண்டும், மழைக்கு முன் பார்த்துக்கொள்வேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே உன் தாய்மாமா ரோச் கொழும்பிலிருந்து தோணியில் வந்து சேர்ந்தார். வாசலில் நின்றே, "ஏளா அல்போன்சா, உம் மவன் பெரிய சிற்பியாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். உன் அப்பாவின் உடைந்த வள்ளத்துப் பலகையில் நான் செதுக்கிச் செம்புத் தகடு அடித்த மூன்று சங்கு குளிக்கிற ஆட்களும் உன் முதலாளி வீட்டுச் சுவரில் தொங்குகிறார்களாம், கீழே உன் பெயராம். மூன்றாவது ஆளுக்கு ஏன் கயிறில்லை என்று முதலாளி கேட்டதற்குச் செம்புக் கம்பி தீர்ந்துபோச்சு என்றாயாம். இதைச் சொல்லும்போது மாமா சிரிக்கவில்லை. உன் அப்பா மேலே வராத அன்றைக்கு, நம் வழக்கப்படி மச்சினனாக வள்ளத்தில் கயிறு பிடித்திருந்தவர் அவர். அவர் கைக்கு வெறும் கயிறுதான் வந்தது. கம்பி தீரவில்லை ஹென்றி.

இப்போது சுவரெல்லாம் பச்சையாய் ஒழுகுகிறது, செய்தவனே சரிசெய்ய வேண்டும் என்கிறார் முதலாளி, வழி எழுது என்கிறாய் நீ. கடல் குடித்த பலகையை ஒரு மழைக்காலம் முற்றத்தில் போட்டு உப்பை இறக்கினால்தான் செம்பு களிம்பேறாது. ஈஸ்டருக்கு வந்தபோது உன் அறையில் மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டாய். மழை கழியட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா உன் பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

இது எழுத்தில் சொல்லித் தருகிற வேலையில்லை. எனக்கு முப்பத்தாறு வயதுதான், கை இன்னும் ஓடுகிறது. வருகிற வாரம் மாமாவோடு உளி, சுத்தியல் எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் யாரென்று உன் முதலாளியிடம் நானாகச் சொல்லமாட்டேன், நீதான் சொல்ல வேண்டும். கூலிக்கு வந்த பொம்பளை என்று சொன்னாலும் கேட்டுக்கொண்டு வேலையை முடித்துத் தருவேன். அப்படிச் சொன்னால் அந்த மூன்றாவது ஆளை மட்டும் கழற்றி எடுத்து வந்துவிடுவேன்.

பிளாரன்சிடம் எதுவும் சொல்லவில்லை. சர்வேசுரன் உனக்குச் சுகமும் நல்ல புத்தியும் தரட்டும். மழையில் நனையாதே. மறக்காமல் துறைமுகத்துக்கு வந்து நில்.

உன் அம்மா
அல்போன்சா