தைஸ்தோ பேசும் மொழி

எஸ்கில்ஸ்டூனா, ஸ்வீடன்,
12 நவம்பர் 2012

அன்புள்ள ஹில்க்கா,

முழங்கால் வலி தேவலையா? உங்கள் பக்கம் ஏரி உறைந்துவிட்டதா? இங்கே இன்னும் மழைதான். உங்கள் ஃபின்னிஷ் பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்த ஸ்வீடிஷ் என்று நீ அலுத்துக்கொள்வாய். அதுவும் இல்லையென்றால் இதையெல்லாம் உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

உன் அண்ணன் தைஸ்தோவுக்கு மறதி முற்றிவிட்டது. கோடையில் ஸ்வீடிஷ் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது ஒன்றும் மிச்சமில்லை. பின்னால் கற்றது முன்னால் போகும், பிறந்த மொழி கடைசிவரை நிற்கும் என்றார் டாக்டர். நாற்பத்தாறு வருஷம் நாங்கள் வாழ்ந்ததும் சண்டை போட்டதும் ஸ்வீடிஷில்தான். நார்வேக்காரர் பேசினால்கூட எனக்குப் பாதி புரியும். உங்கள் ஃபின்னிஷ் வேறு குடும்பம். எஸ்தோனியாவிலும் எங்கோ தூரத்து ஹங்கேரியிலும் அதற்குச் சொந்தம் உண்டு. அவர் பேசுவதில் ஒரு சொல்லைக்கூட என்னால் ஊகிக்க முடியவில்லை.

உன்னிடம் மறைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன். லார்ஸ் சின்னவனாக இருந்தபோது, "பையன் குழம்பிப்போவான், வீட்டுல உங்க பாஷை வேணாம்" என்று சொன்னது நான்தான். பள்ளியில் சொன்னதாக அப்போது உனக்கு எழுதியிருந்தேன். தைஸ்தோ அப்படியே கேட்டுக்கொண்டார். ஆலையில் உங்கள் ஊர்க்காரர்களோடு பேசிவிட்டு, வாசலில் காலணியோடு அந்த மொழியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். இன்று அப்பா பேசுவது லார்ஸுக்கும் புரிவதில்லை.

ஃபின்னிஷ் இங்கேயும் அரசு ஏற்றுக்கொண்ட சிறுபான்மை மொழியாகிவிட்டதல்லவா? முதியவர்கள் அந்த மொழியிலேயே பராமரிப்பு கேட்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். செப்டம்பரிலிருந்து மிர்யா என்ற பெண் வருகிறாள். அவள் பெற்றோர் உங்கள் நாட்டு ஓலு நகரத்துக்காரர்கள். முதல் நாள் அவள் வாயைத் திறந்ததும் தைஸ்தோ நிமிர்ந்து உட்கார்ந்தார். மதியம்வரை பேச்சும் சிரிப்பும்தான். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஹில்க்கா. பொறாமையாகவும் இருந்தது.

என்ன சொல்கிறார் என்று மிர்யாவைக் கேட்டேன். தயங்கினாள். வற்புறுத்தியபின் சொன்னாள்: "'இந்தம்மா யாரு? நல்லவங்க, காபி நல்லா போடறாங்க. ஆனா நான் வீட்டுக்குப் போகணும், என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா'ன்னு சொல்றாரு."

மறுநாளே அவளிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன். எழுபத்திரண்டு வயதில், பெயர்ச்சொல்லுக்குப் பதினைந்து வேற்றுமை! நாக்கு புரளவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தை மூன்று வாரம் உருப்போட்டேன். போன ஞாயிறு காலை அவர் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன் மனைவி" என்று ஃபின்னிஷில் சொன்னேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தார். மிர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு அதைச் சொன்னாள்: "'உங்க உச்சரிப்பு ரொம்ப மோசம். என் பொண்டாட்டியும் ஸ்வீடன்காரிதான். அவ பேசினா இப்படித்தான் இருக்கும்'னு சொல்றாரு."

கையை மட்டும் அவர் விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருமுறை வந்துவிட்டுப் போ, ஹில்க்கா. அண்ணனோடு நீ பேசு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் ஒன்று மட்டும் எழுதி அனுப்பு. ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது அவருக்காக ஏங்குவதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வார்கள்? பெரிய எழுத்தில் எழுது. நான் படித்துப் பழகிக்கொள்கிறேன்.

உன் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
குன்வோர்