கேட்காமல் விட்ட பெயர்

மதினி,

பக்கத்துக் கடைச் சீனர் இன்று மாலை வாசலில் காகிதம் கொளுத்தினார். அவர்களுக்கு இது ஏழாம் மாதம். செத்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று பொன்னிறத் தாள்களை ஒவ்வொன்றாக மடித்து நெருப்பில் போடுகிறார்கள். ஈப்போவுக்கு வாழ வந்த நாளிலிருந்து பார்ப்பதுதான். ஆனாலும் அந்தப் புகை வீட்டுக்குள் வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையை இறக்கி வைத்தேன், மறுபடி ஏற்றினேன். “என்னா, உடம்புக்கு முடியலையா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் கற்றுக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது எழுதியிருந்தால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் மனிதர் வாயில் வரக்கூடாத பேச்சு இது.

அண்ணன் செத்த நாளை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுதாகப் பேசியதே இல்லை. சுங்கை சிப்புட் போகும் செம்மண் பாதையில் நம் தோட்டத்து மாட்டு வண்டியும், காடு வெட்டும் சீனர்களின் மர வண்டியும் எதிரெதிரே வந்து நின்றன. யார் ஒதுங்குவது என்ற பேச்சில் தொடங்கியது. கை நீண்டது, கம்பு வந்தது. நம் ஆட்கள் லயத்து வீடுகளிலிருந்து ஓடினார்கள். அவர்கள் தாங்கள் கூடித் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகையிலிருந்து, அந்தக் கொங்சியிலிருந்து, ஓடிவந்தார்கள். “மாடு மிரளுது, அவுத்து விட்டுட்டு வந்திர்றேன்” என்று அண்ணன் போனார். அவர் பின்னாலேயே நீங்களும் போனீர்கள். நுகத்தடியில் அவர் குனிந்திருந்தபோது வெட்டு விழுந்தது. வெட்டியவன் முகத்தை நம் பக்கத்தில் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

பொழுது சாய்வதற்குள் கொங்சி எரிந்தது. உள்ளே நடக்க முடியாமல் கிடந்த ஒரு கிழவர் கருகிப் போனார். அது நமக்கு மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்தபோது நான் வருத்தப்படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அண்ணனைக் குழியில் இறக்கிய கையோடு இருந்த வீட்டில் வருத்தம் வேறு யாருக்கும் மிச்சமில்லை.

பிறகு போலீஸ் உங்களைக் கூப்பிட்டது. நானும் கூட வந்தேன். ஸ்டேஷன் முற்றத்தில் சீனர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெரிய கங்காணி உங்கள் காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

“கடைசில நிக்கிறவன் கையில துணி கட்டியிருக்கு பாரு. அவனக் காட்டிரு. நம்ம சனத்துக்கு ஒரு ஞாயம் வேணும்லா.”

வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தீர்கள். கையில் துணி கட்டியவன் முன்னால் நின்றீர்கள். காட்டுங்கள், காட்டுங்கள் என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

“இதுல அவன் இல்ல” என்றீர்கள்.

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாத்தேன். இல்ல.”

அந்தச் சொல்லுக்கு லயம் உங்களைச் சும்மா விடவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது உங்கள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. தாலி அறுத்தவளுக்கு ஒரு சொரணை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நானும் உங்களோடு பேசவில்லை. நீங்கள் சோறு வடித்துக் கொடுத்தீர்கள், நான் தின்றேன். அவ்வளவுதான் நம் வீடு அப்போது.

அந்த நாட்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் கூட்டமாகவே போனார்கள். லயத்துக்குக் காய்கறி விற்க வரும் சீனர் வருவது நின்றது. காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தால் வாளியைப் போட்டுவிட்டு ஓடினோம். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் தோட்டத்தை விட்டு ஆற்றுக்கு அப்பால் போய்க் குடிசை போட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். கையில் துணி கட்டியிருந்தவன், ஆ செங். பின்னால் அவன் மனைவி. லயத்துக்குள் நுழையாமல் பாதை ஓரமாக நின்றார்கள். அதற்குள் கம்போடு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அவனிடம் போனீர்கள். அவனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்.

“அக்கா, அப்பா அங்கே. நெருப்பு. காகிதம் போடணும். தோட்டம் ஆள் அடிக்கும், பயம்.”

சொல்லிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். முழங்கைவரை தோல் சுருங்கி வெந்திருந்தது. எரியும் கீற்றை இழுத்துப் போட்டுத் தகப்பனைத் தூக்கப் பார்த்திருக்கிறான். கத்திச் சண்டையில் பட்ட காயம் என்று நாங்கள் சத்தியம் பண்ணத் தயாராக இருந்த கை அது. ஆனால் அப்போதும் என் கோபம் தணியவில்லை, மதினி. எங்கே போவது என்று தெரியாமல் அது எனக்குள்ளேயே சுற்றியது.

எரிந்த இடத்தில் சீக்கிரமே ரப்பர் கன்று வைக்கப் போகிறார்கள், அதற்குள் சடங்கு முடிக்க வேண்டும் என்று அவன் மனைவி மலாயில் சொன்னாள். நீங்கள் அன்றைக்கே வீடு வீடாகப் போனீர்கள். உங்கள் முகத்தில் கதவைச் சாத்தியவர்கள் வீட்டுக்கும் போனீர்கள். ஆண்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. “செத்தவனுக்குச் செய்யிற காரியம். பொம்பளைங்க வந்து நின்னாப் போதும்” என்றீர்கள். கடைசியாக என்னிடம் வந்தீர்கள்.

“நீயும் வா புள்ள.”

“எங்கண்ணனுக்கு அவனுங்கள்ல யாரு வந்து நின்னாங்க?”

“யாரும் நிக்கல. அதான் எனக்குத் தெரியுது, எப்பிடி இருக்கும்னு.”

போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கரிக்கட்டைகளுக்கு நடுவில் ஆ செங் குடும்பம் பத்தி ஏற்றிக் காகிதம் கொளுத்தியது. அவர்களைச் சுற்றி நம் பெண்கள் நின்றோம். நிறையப் பேர் இல்லை. கங்காணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“யாரக் கேட்டுச் சீனன உள்ள விட்ட?”

“அவங்கப்பன் செத்த இடம். யாரக் கேக்கணும்?” என்றீர்கள்.

“ஒம் புருசனக் கொன்ன கூட்டம் இது!”

“எம் புருசனக் கொன்னது ஒருத்தன். அவன் மூஞ்சி எனக்குத் தெரியும். ஒங்களுக்குத்தான் எல்லா மூஞ்சியும் ஒண்ணாத் தெரியுது.”

அப்போதுதான் காத்தமுத்து, கங்காணிக்குப் பின்னால் கம்போடு நின்றவன், அப்படியே தரையில் உட்கார்ந்தான். நம் லயத்துக் கடைசி வீட்டுக்காரன், அண்ணனோடு ஒன்றாகக் கப்பலேறி வந்தவன். “உள்ள ஆள் இருக்குன்னு தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது. கூரையில பந்தத்தச் சொருகிட்டு ஓடிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். யாரும் அவனைப் பிடிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஆ செங் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். கையில் இருந்த காகிதத்தைப் போட்டு முடித்தான். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் முழுவதும் போலீஸ் வரும் என்று லயம் காத்திருந்தது. காத்தமுத்து சோறு தின்னவில்லை. போலீஸ் வரவில்லை. பிறகு ஒருநாள் காய்கறிச் சீனர் பாதையில் மணியடித்தார். யாரும் போகவில்லை, நீங்கள் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கினீர்கள். அடுத்த தடவை இன்னும் ஒருத்தி போனாள். பீலியில் பெண்கள் உங்களைக் கண்டு விலகாமல், குடம் வைக்க இடம் விட்டார்கள். காத்தமுத்து ஆற்றுக்கு அப்பால் போய் ஆ செங்குக்குக் கூரை வேய்ந்து கொடுத்தான் என்று கேள்விப்பட்டோம். இரண்டு பேரும் அன்று பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. காத்தமுத்துவைக் கேட்டாலும் சொல்ல மாட்டான்.

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்க ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் முடியவில்லை. நம் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து அழுதான். அவர்கள் பக்கத்தில் யாரும் வந்து, உன் அண்ணனை வெட்டியது நான்தான் என்று சொல்லவில்லை. ஒருநாள் மரத்தடியில் பால் வழித்துக்கொண்டிருந்தபோது அதை உங்களிடம் கேட்டேன். நீங்கள் வேலையை நிறுத்தவில்லை.

“வந்து சொன்னா ஒனக்குத் தூக்கம் வந்திருமா?”

“வரும்.”

“எனக்கு வராது. அவன் மூஞ்சி தெரிஞ்சவ நான்.”

கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். போன மாசி மாதம் குளிர்சுரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னபோது, நான் வந்து சேர்வதற்குள் உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். குழி தோண்டியவர்களில் காத்தமுத்து இருந்தான். ஆ செங்கும் இருந்தான். ஒருவன் மண்ணை வெட்டினான், மற்றவன் அள்ளினான். கங்காணி தள்ளி நின்று பார்த்தார்.

மண் தள்ளி முடிந்து எல்லோரும் திரும்பும்போது ஆ செங்கின் மனைவி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். மலாயும் தமிழும் கலந்து மெதுவாகப் பேசினாள். உன் அண்ணனை வெட்டியவனை எனக்குத் தெரியும், இங்கே இல்லை, வேறு ஊருக்குப் போய்விட்டான், பெயர் சொல்லட்டுமா என்று கேட்டாள். உன் மதினியிடமும் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், நீ கூடப் பிறந்தவள், உனக்கு உரிமை இருக்கிறது என்றாள்.

எத்தனை வருஷம் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

“வேண்டாம்” என்றேன்.

என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. அவள் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். அந்த வார்த்தை நான் சொன்னதா, இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா, எனக்குத் தெரியவில்லை. நல்லது செய்தேனா என்றும் தெரியவில்லை. அண்ணனுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அவரே சண்டைக்குப் போகாமல் மாட்டை அவிழ்க்கப் போனவர்தானே என்று தோன்றுகிறது.

நான் சுமப்பது அந்த ஒரு சொல்தான், மதினி. இறக்கி வைக்கவும் முடியவில்லை, எனதென்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு ரயில் தினமும் போகிறது. ஆ செங்கின் மனைவி இன்னும் ஆற்றுக்கு அப்பால்தான் இருக்கிறாள், கேட்டால் சொல்லுவாள். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் போகலாமா என்று யோசிக்கிறேன்.

இன்றைக்கும் போகவில்லை.