அப்பா எழுந்து நிற்கிறார்

தோட்டத்து லயம்,
தானா ராத்தா, மலேசியா.
15.2.1976

அன்பு மகள் சரோஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, சீதா, நான், நம் செவலைப் பசு எல்லோரும் சுகம். நீ தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனதிலிருந்து உன் கடிதங்கள் தந்தியைவிடச் சுருக்கமாக இருக்கின்றன. “நலம், வேலை அதிகம், குளிர் அதிகம்” என்று மூன்று வரி எழுத ஒரு தபால்தலை எதற்கு? நான் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதுகிறேன், பார்த்துக் கற்றுக்கொள்.

உன் தங்கை செய்த காரியத்தைக் கேள். நியூசிலாந்திலிருந்து ஒரு பெண் பிள்ளை ஒரு வருடம் இங்கே படிக்க வருகிறாள், யார் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். டவுனில் பெரிய வீடு உள்ள பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க, நம் வீட்டு மகாராணி கையைத் தூக்கியிருக்கிறாள். “அக்கா கட்டிலு சும்மாதான் சார் கெடக்கு” என்றாளாம். வந்து சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை எடுத்துவிட்டேன். அப்பா வேலையாட்களுக்கு மேல் மண்டோர் என்பதால் ஓர் அறை கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்களே தவிர, இதுவும் லயத்து வரிசை வீடுதானே. ஆனால் அந்தக் கட்டில் பேச்சு என் வாயை அடைத்துவிட்டது. நீ போன பதினோரு மாதமாக அதில் மடித்த துணிதான் படுத்திருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் பெருக்கப் பழகியிருந்தேன். சரி, வரட்டும் என்றேன்.

வந்துவிட்டாள். பெயர் ரேவின். பதினேழு வயது, அப்பாவைவிட ஒரு சாண் உயரம், முகமெல்லாம் புள்ளி. லயத்தில் ஒருவருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாமல், இரண்டே நாளில் ரேவதி ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா தினம் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு வாரத்தில் என்னிடம் உப்பு மட்டும் நான்கு தடவை கேட்டிருக்கிறாள். நான் ரொட்டி, வெண்ணெய், டின் சார்டின் மீன் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தேன். அவள் மூன்றாம் நாளே ரொட்டியைத் தள்ளிவிட்டு, சீதா தட்டைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். கருவாட்டுக் குழம்பு. கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டாள்.

தொல்லை அவளால் இல்லை, உன் அப்பாவால். அவள் அறைக்குள் வந்தால் இவர் எழுந்து நின்றுவிடுகிறார். நின்றாலாவது பரவாயில்லை. ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே போய்விடுகிறார். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் வந்து சாப்பிடுகிறார். உனக்குத் தெரியாததா, வெள்ளைக்காரத் துரை காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். துரை கார் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும், மழையானாலும் குடையை மடக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். இப்போது நம் நாட்டுக்காரர்தான் மேனேஜர், சைக்கிளில் போனால் அவரே கையசைக்கிறார். ஆனாலும் அந்தப் பழக்கம் உடம்பைவிட்டுப் போகவில்லை. “பதினேழு வயசுப் புள்ளைக்கா எந்திரிச்சு நிக்கிறீங்க?” என்று கேட்டேன். “நான் எந்திரிக்கலடி, காலு தானா எந்திரிக்குது, நான் என்னா செய்ய?” என்கிறார்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி இந்தப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் சங்கத்திலிருந்து, ஈப்போவில் இருக்கும் மிசஸ் லிம் என்ற அம்மா வருவார். பிள்ளைகளை வீடு வீடாகப் பார்த்து, இங்கேயே இருக்கிறாயா, வேறு வீடு பார்க்கவா என்று தனியாகக் கேட்பாராம். கேட்கட்டும், நமக்கென்ன பயம்.

தாள் முடிகிறது. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன் அம்மா,
அம்சவல்லி

~

14.3.1976

அன்பு மகள் சரோஜாவுக்கு,

போன கடிதத்தில் என்ன பயம் என்று எழுதினேன் அல்லவா, இப்போது பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. ஐந்து வரி. முன்னேற்றம்தான்.

போன செவ்வாய்க்கிழமை நான் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்தபோது, ரேவின் உன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். சீதா கேட்டுச் சொன்னாள். உங்கள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் உள்ளே வந்தால் அவர் வெளியே போகிறார், ஒரே மேசையில் என்னோடு சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார் என்றாளாம். அவள் ஊரில் ஒருவர் வந்ததும் மற்றவர் எழுந்து போனால் முகத்தில் அடித்த மாதிரியாம். மிசஸ் லிம் வரும்போது வேறு வீடு கேட்கப் போகிறாள். ஈப்போவில் ஒரு டாக்டர் வீடு தயாராக இருக்கிறதாம்.

லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அது கிடக்கட்டும். பள்ளிவிட்டு வந்ததும் கூடையை இறக்க ஓடிவருகிறாள், என் முதுகைப் பிடித்துவிடுகிறாள், தப்புத் தப்பாகத் தமிழ் பேசி என்னைச் சிரிக்க வைக்கிறாள். அவள் போய்விட்டால் அந்தக் கட்டிலில் மறுபடி துணியை அடுக்க என்னால் முடியாது, சரோ.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. “நான் மரியாதை குடுத்தேன்டி, அந்தப் புள்ளை அவமரியாதைன்னு நெனைச்சிருச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குத் தெரிந்த மரியாதையில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. அதைக் கொண்டு போய் அவளை அழவைத்திருக்கிறார். பாவம் என்று பார்ப்பதா, தலையில் குட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சீதா உட்கார்ந்து துரை, குடை, சைக்கிள் கதை முழுவதையும் அவளுக்கு இங்கிலீஷில் விளக்கினாள். கேட்டுக்கொண்டாள். ஆனால் புரிந்தால் மட்டும் போதுமா? ஒரு பெரிய மனிதர் தம் சொந்த வீட்டிலேயே எனக்காக எழுந்து நிற்பதைத் தினம் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது, நான் என்ன போலீஸ்காரியா என்று கேட்டாளாம். அதுவும் நியாயம்தான்.

புதன்கிழமையிலிருந்து அப்பாவுக்கு உட்காரப் பயிற்சி. நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். ரேவின் வந்தாள். இந்தக் கேமரன் மலைக் குளிரில் மனிதருக்கு வேர்க்கிறது. முழுதாக ஒரு நிமிடம் இருந்தார். பிறகு கோழிக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று எழுந்து போய்விட்டார். நாம் கோழியை விற்று ஆறு மாதமாகிறது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு வேலை செய்தாள். அப்பா எழுந்து நின்றதும் இவளும் தட்டை வைத்துவிட்டு நின்றுவிட்டாள். அவர் உட்காரும்வரை நானும் உட்கார மாட்டேன் என்று சீதாவை விட்டு அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். அவர் அதைக் கேட்டு இன்னும் விறைத்துக்கொண்டார். இரண்டு பேர் நிற்கும்போது நாங்கள் எப்படி உட்கார்ந்து தின்பது? நானும் சீதாவும் எழுந்தோம். நான்கு பேரும் நின்றபடி சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காளியம்மா உப்புக்கு வந்தாள். “என்னா லா இது, கோயில்ல பூசைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?” என்றாள். ரேவினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. நீ அங்கே ஏதாவது கோயில் இருந்தால் எங்களுக்காக வேண்டிக்கொள். இல்லாவிட்டால் இருந்த இடத்திலிருந்தே வேண்டிக்கொள்.

அம்மா

~

18.4.1976

அன்பு மகள் சரோஜாவுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் உன்னைத் தவிக்க வைத்துவிட்டேன். கோபப்படாமல் படி. நீயும் எத்தனையோ தடவை எங்களைத் தவிக்க வைத்தவள்தான்.

மார்ச் இருபத்தெட்டு, ஞாயிறு. ரேவின் பெட்டியைக்கூட அடுக்கிவிட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நான் அடுப்படியிலேயே இருந்தேன். பத்து மணி வாக்கில் கொட்டகையிலிருந்து செவலை கத்துகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கன்றின் முன்கால் இரண்டும் தெரிகிறது, அதற்கு மேல் வரவில்லை. எப்போதும் காளியம்மா புருஷன் வேலப்பன்தான் பிரசவம் பார்ப்பார். அவர் அன்றைக்குப் பார்த்துக் கோஸ் ஏற்றிக்கொண்டு லோரியில் பிரிஞ்சாங் போயிருந்தார். உன் அப்பாவுக்குத் தேயிலையை முகர்ந்தால் எந்த மலைக் கொழுந்து என்று தெரியும். மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து முருகனைக் கூப்பிட்டார்.

சத்தம் கேட்டு ரேவின் ஓடிவந்தாள். மிசஸ் லிம்முக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கவுனோடு நேராக மாட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு எங்கிருந்து வந்ததோ குரல். “ஏய் கழுதை, பின்னால நிக்காத, ஒதைச்சா பல்லு பூராக் கொட்டிரும், இங்கிட்டு வா” என்று கத்தினார். சின்ன வயதில் நீ காட்டாற்றில் இறங்கினபோது கத்தினாரே, அதே கத்தல். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் நகரவில்லை. கயிறு கேட்டாள். கன்றின் கால்களில் கட்டி, மறுமுனையை அப்பா கையில் கொடுத்தாள். அவள் அப்பாவுக்கு நூற்றிருபது மாடு இருக்கிறதாம், அவரே கறந்து, அவரே சாணி வாருகிறவராம். எட்டு வயதிலிருந்து இவளும் கொட்டகையில்தான். இதெல்லாம் எங்களுக்கு அன்றுதான் தெரியும், யாரும் அவளைக் கேட்டதில்லை. மாடு முக்கும்போதெல்லாம் “தாரிக், தாரிக்” என்று மலாயில் இழுக்கச் சொல்லிக் கத்தினாள். அப்பா அந்தச் சாணியிலேயே உட்கார்ந்து, காலைக் கொட்டகைத் தூணில் முட்டுக்கொடுத்து இழுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இழுத்தாள். கன்று சட்டென்று வந்து விழுந்ததும் இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். கிடேரிக் கன்று, சரோ. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “கெட்டிக்காரப் புள்ளை லா நீ” என்றார். அந்தக் கையில் இருந்த சாணியெல்லாம் அவள் முடியில்.

இந்த நேரம் பார்த்து மிசஸ் லிம் வேலிப் பக்கம் வந்து நிற்கிறார். அப்பா அவரைக் கண்டு எழப்போய், வழுக்கி மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரேவின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

குளித்துவிட்டு வந்ததும் மிசஸ் லிம் அவளை உள்ளே தனியாகக் கூட்டிப்போனார். நான் வாசலில் நின்றேன். அப்பா சட்டை போட மறந்து, கன்றைத் துடைத்த துண்டோடு நின்றார். கால் மணி நேரம் கழித்து மிசஸ் லிம் சிரித்துக்கொண்டே வந்து, அந்த டாக்டர் வீட்டுக்கு வேறு பிள்ளையை அனுப்பிக்கொள்கிறேன் என்றார். என்ன சொன்னாய் என்று சீதா அவளைத் துளைத்தெடுத்துவிட்டாள். “அவர் என்னைத் திட்டினார். விருந்தாளியை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள்” என்றாளாம். பிறகு, கழுதை என்றால் என்ன என்று கேட்டாளாம். சீதா சொன்னதும் அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

அன்று அப்பா அவளோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஒரேயடியாக மாறிவிட்டார் என்று நினைக்காதே. இன்றைக்கும் அவள் வந்தால் பாதி எழுகிறார். “அப்பா, டுடோக்” என்று அவள் மலாயில் உட்காரச் சொல்கிறாள், இவரும் உட்கார்ந்துவிடுகிறார். சீம்பால் காய்ச்சியபோது மட்டும் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அது கன்றுக்குத்தான், ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கன்று குடித்த மிச்சத்தில்தான் வெல்லம் போட்டோம். லயத்தில் வீட்டுக்கு ஒரு கரண்டி கூட வரவில்லை என்று காளியம்மா இன்னும் முறைக்கிறாள்.

போன வாரம் ரேவினின் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. சீதா படித்துச் சொன்னாள். என் மகளைத் திட்டியதற்கு உங்கள் கணவருக்கு நன்றி சொல்லுங்கள், இரண்டு மாதமாக அவள் “நன்றாக இருக்கிறேன்” என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள், அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வராது என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதும் அப்பா மாடத்திலிருந்த உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

சரோ, எனக்கும் அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும். அங்கே உன்னை உட்காரச் சொல்லிச் சோறு போடுகிறவர், சளி பிடித்தால் வெளியே போகாதே என்று அதட்டுகிறவர் யாராவது இருப்பார்களே. அவர்கள் பெயரும் விலாசமும் எழுதி அனுப்பு. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. நான் தமிழில் சொல்கிறேன், ரேவின் நல்ல இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்கிறாள். அடியில் கையெழுத்துப் போட அப்பா பேனாவுக்கு மை ஊற்றி வைத்திருக்கிறார்.

அப்படி ஒருவரும் இல்லையென்றால், அதையும் மறைக்காமல் எழுது, கண்ணு. நலம் என்று மட்டும் எழுதாதே. எந்த ஊரில் இருந்தாலும் உன் பக்கத்தில் ஒரு நல்ல மனம் இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா