இரண்டு மாத்திரை போதாது

கீழ் டிவிசன் லயம்,
டிக்கோயா.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு நிலக்ஷி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று சும்மா கேட்கவில்லை. உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? அதற்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். நீங்கள் வேலை செய்யும் வீட்டு மேடம் உங்கள் போனை வாங்கி வைத்திருப்பதால், லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஸாலிஹா அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் அப்பா விஷயம். பயப்படாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறார். மாசியில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது மலையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். நாலு நாளாக வெளிக்குத் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிருக்கிறது. காலையில் பேர் எழுதும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாதே, கூலி போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் புருஷன் வேறு எப்படி இருப்பார்?

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கெமரா விட்டார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள என்னை உள்ளே விட்டார்கள். கையை நான் ஒழுங்காகப் பிடிக்கவில்லை அம்மா. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் அப்பாவுக்குள்ளே அப்படி ஓர் இடம்! ரோஸ் நிறம், பளபளவென்று ஈரம், மடிப்பு மடிப்பாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு மடிப்பில் வெள்ளையாக ஒரு குழி. அதுதான் புண். பக்கத்திலிருந்து அரிசிக் குருணை அளவு சதையைக் கிள்ளி ஒரு மஞ்சள் மருந்தில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் சிவந்தது. உள்ளே கிருமி இருக்கிறது என்று அர்த்தமாம்.

டொக்டர் சிங்கள அம்மா. நான் கேள்வி மேல் கேள்வி கேட்டதும், "நங்கி, நீ என்ன, டொக்டர் பரீட்சையா எழுதப்போறே?" என்று சிரித்துவிட்டுச் சொன்னார். நம் வயிற்றில் இருக்கும் அமிலத்தில் அநேகக் கிருமிகள் பிழைக்காதாம். இது மட்டும் தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் ஒன்றைத் தானே உண்டாக்கி, அதற்குள் உயிரோடு இருக்குமாம். உருவம் திருகாணி மாதிரி. திருகித் திருகிச் சுவருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலேயே வீட்டில் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு வந்திருக்கும் என்றார். நாற்பது வருஷம் வாடகை தராமல் அப்பாவுக்குள் குடியிருந்திருக்கிறது! புண்ணுக்குக் காரணம் கொச்சிக்காய்க் காரமும் இல்லை, வெறும் வயிற்றுத் தேத்தண்ணியும் இல்லை, கண்ணேறும் இல்லை. பலருக்கு அது சும்மா கிடக்குமாம். சிலருக்குப் புண்ணாக்கும். சிலருக்கு, வருஷக்கணக்கில் விட்டால், புற்றுநோய் வரைக்கும் போகும்.

வீட்டுக்கு வந்து பரணில் போட்ட விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திரும்பப் பள்ளிக்கூடம் போவேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பதினாலு நாளைக்கு மாத்திரை தந்தார்கள். ஆறாம் நாள் அப்பாவுக்கு வலி போய்விட்டது. ஒன்பதாம் நாள் பார்த்தால் அட்டை எல்லாம் காலி. அதட்டிக் கேட்டேன். லயத்து வீடுகளில் நெஞ்செரிச்சல் என்றவர்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டாகக் கொடுத்திருக்கிறார்! "எனக்குத்தான் நோவு போயிருச்சே புள்ள. நோவு இருக்கிறவங்களுக்குத்தானே மருந்து? கறி வச்சா குடுக்கிறோம், மருந்த மட்டும் ஒளிச்சு வச்சுத் திங்கவா?" என்கிறார். நான் கத்திய கத்தில் லயமே வெளியே வந்தது.

டொக்டர் கத்தவில்லை. பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், இனி வேறு மருந்து, முதலிலிருந்து பதினாலு நாள் என்றார். அப்பா சொன்னது: "அரகொறயா வெட்டுன புல்லு ரெட்டிப்பா மொளைக்கும், எனக்குத் தெரியாதா? மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா ஒண்ணக்கூடக் குடுத்திருக்க மாட்டேனே." இந்தத் தடவை ஒவ்வொரு வேளையும் நான் முன்னால் நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். போன கிழமைதான் திரும்பச் சோதித்தார்கள். கிருமி இல்லை. அந்த ரிப்போர்ட் துண்டை மூன்று தரம் வாசித்தேன். நாற்பது வருஷம் இருந்தது, பதினாலு நாளில் போய்விட்டது!

மாத்திரை வாங்கியவர்களையும் ஒவ்வொருவராகச் சோதனைக்குக் கூட்டிப் போகிறேன். நேற்று வேலாயி சின்னம்மாவைக் கூப்பிடப் போனேன். அவர் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ரெண்டு மாத்திரையையும் அப்படியே நீட்டினார். "நான் திங்கல புள்ள. ஒங்கம்மா வந்தா குடுக்கலாம்னு வச்சிருந்தேன். மலையில கொழுந்து எடுக்கையில வலி வந்துட்டா இடுப்புப் படங்குச் சாக்க இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டு நிப்பா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார்.

அந்தப் படங்கை நான் எத்தனை தரம் துவைத்திருக்கிறேன். ஒரு நாளும் தெரியவில்லை. அந்த வயிற்றோடு என் படிப்புக்காகத்தான் நீங்கள் போனீர்கள். நான் படிப்பை விட்டுவிட்டேன்.

அந்த ரெண்டு மாத்திரையை இதோடு அனுப்பவில்லை. ரெண்டு போதாது. வெள்ளிக்கிழமை ஸாலிஹா அக்கா உங்களை அங்கே கிளினிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கறுப்பாகப் போனால் வெள்ளி வரை காத்திருக்காதீர்கள். மேடம் விடாவிட்டால் புறப்பட்டு வந்துவிடுங்கள். பதினாலு நாளும் நான் முன்னால் நிற்கிறேன், நீங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள்.

மாரியம்மன் உங்கள் வயிற்றைக் காக்கட்டும்.

உங்கள் மகள்,
நிலக்ஷி