பாகம் பிரிக்காத கொத்தமல்லி

அக்கா,

நேற்று மாடி அறையைக் காலி செய்தோம். பழைய சாமான் வாங்க வந்தவர் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வேலை செய்கிறதா என்று ஒருமுறை கரண்ட் கொடுத்துப் பார்த்தார். விசிறி சுற்றியது. சூடேறிய தூசியின் வாடை வந்தது. அதில் மிளகாய்த்தூளின் காரமும் சேர்ந்திருந்தது. கீழே பலசரக்குக் கடை உள்ள வீட்டின் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அப்படியொரு வாடை இருக்க முடியும். திரையில் எதுவும் தெரியவில்லை. "இனி இரும்புக்குத்தாங்க ஆகும்" என்றார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அவர் படியிறங்கிய பிறகு உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியதே இல்லை. எழுத வேண்டியிருந்த காலத்தில் நமக்கு வேறொரு வழி இருந்தது.

வலப்பனையிலிருந்து நான் அட்டன் கடைவீதிக்கு மருமகளாக வந்தபோது, அந்த வீடு உங்கள் கையில் இருந்தது. மாமாவும் அத்தையும் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்கள். கீழே கடையில் உங்கள் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியான என் கணவரும். மேலே நீங்களும் நானும். உங்கள் பையன்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்விட்டால் மாடியில் சத்தமே இருக்காது. தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாட்களில் மட்டும் நாமும் கீழே இறங்கிப் பருப்பையும் சீனியையும் பொட்டலம் கட்டுவோம். மற்ற நாட்களில் சமையல், துவையல், மழை.

கடைசிக் கொழுந்தன் சென்னைக்குப் படிக்கப் போனபோது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. காடு, மலை, கோட்டை, பேய் பிசாசு எல்லாம் உள்ள ஓர் உலகம். இன்டர்நெட் வழியாக எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் அதில் நடமாடுவார்கள். "ஆளுக்கொரு ஆள உண்டாக்கித் தரவா அண்ணி?" என்று கிளம்புமுன் அவர் கேட்டார். "ஒண்ணு போதும். அடுப்பப் பாக்கவும் ஒரு ஆள் வேணுமில்ல?" என்றீர்கள்.

அப்படித்தான் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒருத்தி பிறந்தாள். நாம் சொன்ன அழகான பெயர்களை எல்லாம் யாரோ முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசியில் எரிச்சலில், கீழேயிருந்து வந்த வாசனையை வைத்துக் "கொத்தமல்லின்னு போடுங்க" என்றீர்கள். அந்தப் பெயரை உலகத்தில் யாரும் எடுத்திருக்கவில்லை. காயம் ஆற்றுகிற வைத்தியக்காரியாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். "ஊருக்கெல்லாம் பத்து அரைச்சுப் போடறது இங்கயே இருக்கு. வில்லக் குடு கையில" என்றீர்கள். கொத்தமல்லி வில்லாளியானாள்.

ஒவ்வொரு மிருகத்தைக் கொல்லும்போதும் கொஞ்சம் புள்ளி ஏறும். புள்ளி நிறைந்தால் ஒரு லெவல் உயரும். லெவல் உயர உயர அடுத்த ஊருக்குப் போகலாம். எனக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். காட்டில் சும்மா நடப்பேன், பூப்பறிப்பேன், பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பேன். உங்களுக்கு அது பொறுக்காது. "என்னா புள்ள நீ, பராக்குப் பாத்துக்கிட்டு? ஏத்து, ஏத்து" என்பீர்கள்.

எப்படி வேகமாக ஏற்றுவது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நீங்களாகக் கண்டுபிடித்தீர்கள். பெரிய மிருகத்தைக் கொன்றால் நிறையப் புள்ளி கிடைக்கும் என்று நான் கரடியோடு மல்லுக்கட்டிச் செத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆற்றோரத்துக் காட்டுப்பன்றிகளைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு பன்றிக்கு இரண்டே அம்பு. ஒரு வட்டமாகப் போய்க் கடைசிப் பன்றியை முடிக்கும்போது, முதலில் செத்த பன்றி மறுபடியும் முளைத்திருக்கும். தோலையும் பல்லையும் பொறுக்க நிற்கக் கூடாது. கிழவருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடு, கிணற்றில் விழுந்த மோதிரத்தை எடு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் வேலைகளில், போகிற வழியில் இருப்பதை மட்டும் ஏற்க வேண்டும். விளையாட்டை மூடும்போது அவளை நடுக்காட்டில் விடாமல் சத்திரத்தில் படுக்க வைக்க வேண்டும். நன்றாகத் தூங்கியவளுக்கு அடுத்த நாள் கொஞ்ச நேரம் இரட்டைப் புள்ளி. "ஓடறது வேகமில்ல. நிக்காம இருக்கணும்" என்பீர்கள். சமையலையும் நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள்.

நமக்குக் கிடைத்தது மத்தியானம்தான். ஒருவர் சோற்றையும் குழம்பையும் பார்க்க, மற்றவர் பன்றி வேட்டை. அரிசி கொதித்தால் கை மாறும். அந்தக் காலத்து இன்டர்நெட் டெலிபோன் கம்பியில் வந்ததால், நாம் காட்டில் இருக்கும்வரை கீழே கடைக்குப் போன் வராது. ஒருநாள் என் கணவர் மேலே ஏறி வந்தார்.

"போன எடுத்தா கிர்ருன்னு சத்தம் வருது. கொழும்பு ஏஜென்ட் திட்டறாரு. என்னா நடக்குது இங்க?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு மணிக்கு மேல எடுக்கச் சொல்லுங்க தம்பி. அதுக்கு முன்ன லைன் எங்களுக்கு வேணும்."

"எதுக்கு அண்ணி?"

"விளையாடறதுக்கு."

கேலி செய்கிறீர்கள் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். கொழும்பு ஏஜென்டும் இரண்டு மணிக்கு மேல்தான் எடுக்க ஆரம்பித்தார்.

உங்கள் அவசரத்துக்கு ஓர் இலக்கு இருந்தது. வரைபடத்தின் கீழ்க்கோடியில் ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே போக ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். லெவல் போதாமல் நுழைந்தால் ஓநாய்கள் நாலு எட்டு வைக்க விடா. "கடலப் பாக்கணும் புள்ள, ரெண்டு பேருமா" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஐப்பசி மழை முழுக்க அந்தப் பேச்சுதான். கார்த்திகை தாண்டியதும் உங்கள் வேகம் இன்னும் கூடியது. ஒருநாள் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தீர்கள். "என்னாக்கா இவ்வளவு அவசரம்? கடல் எங்க போயிரப் போவுது?" என்று கேட்டேன். அடுத்த பன்றியைக் குறிவைத்தீர்கள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் கணவாயைத் தாண்டினோம். நீங்கள் வில்லைப் பார்த்துக்கொண்டீர்கள், நான் பக்கத்தில் நின்று பின்னால் ஓநாய் வருகிறதா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. இருவருமே போகவில்லை. கடைசித் திருப்பத்தில் கடல் வந்தது. நீலக் கட்டங்கள் மேலும் கீழும் அசைவது போலத்தான் இருந்தது. ஆனாலும் பெரிதாக இருந்தது. கொத்தமல்லியைப் படகுத்துறையின் நுனியில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"பாத்தாச்சு" என்றீர்கள். பிறகு, "தை பொறந்ததும் பிரியறாங்க" என்றீர்கள்.

"யாரு?"

"இவங்க ரெண்டு பேருந்தான். கடையப் பிரிக்கிறாங்க. நாங்க கந்தப்பளைக்குப் போறோம். ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னாரு. அதுக்குள்ள இங்க வந்துரணும்னு பாத்தேன்."

நான் போய்த் தீய்ந்த சட்டியை இறக்கினேன். அதைத் தவிர என்ன செய்தேன் என்று நினைவில்லை.

தையில் நுவரெலியாவிலிருந்து பெரிய மனிதர்கள் இருவர் வந்து பாகம் பிரித்தார்கள். அட்டன் கடை எங்களுக்கு, கந்தப்பளையில் வாங்கிப் போட்டிருந்த கடை உங்களுக்கு, சென்னையில் இருந்த கொழுந்தனுக்குப் படிப்புச் செலவு. குளிர்சாதனப் பெட்டி உங்களுக்கு, கம்ப்யூட்டர் எங்களுக்கு. குத்துவிளக்குகளில் ஆளுக்கொன்று. லொறியில் சாமான் ஏறும்போது நான் கேட்டேன், "அவள என்னாக்கா பண்றது?"

"அவள வெட்டியா பங்கு போட முடியும்? பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்குந் தெரியும். இருந்துட்டுப் போவட்டும்."

பாகம் பிரித்ததில் வராத சண்டை, மாமாவின் பெயரை யார் கடைப் பலகையில் வைப்பது என்பதில் வந்தது. இருவருமே வைத்துக்கொண்டார்கள், இருவருமே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "அங்கிட்டுப் போன் பேசற வேலை வேணாம்" என்று என் கணவர் ஒரே ஒருமுறை சொன்னார். உங்கள் வீட்டிலும் அதையே சொல்லியிருப்பார்கள். நாம் பேசவில்லை.

லொறி போய்ப் பல வாரங்கள் கழித்து நான் விளையாட்டைத் திறந்தேன். கொத்தமல்லி படகுத்துறையில் இல்லை. பட்டினத்துச் சத்திரத்தில் படுத்திருந்தாள், இரண்டு லெவல் ஏறியிருந்தது. கந்தப்பளையில், காசு கொடுத்து இன்டர்நெட் பார்க்கும் கம்யூனிகேஷன் கடை ஒன்றில் நீங்கள் விளையாடினீர்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது நீங்கள் இருக்கிறீர்கள் என்பது மட்டும். நான் அவளை எழுப்பிக் கடற்கரைவரை நடத்திப்போய் அங்கேயே விட்டுவிட்டு மூடினேன். அடுத்த நாள் மறுபடியும் சத்திரத்தில் இருந்தாள்.

ஒரே நேரத்தில் இருவரும் அவளுக்குள் இருக்க முடியாது. நான் இருக்கும்போது நீங்கள் நுழைந்தால், இந்தக் கணக்கு வேறிடத்தில் திறக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் சொல்லி என்னை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்ட நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். நீங்கள் காலையில் லெவல் ஏற்றுவீர்கள். நான் மத்தியானம் கடலுக்குக் கூட்டிப்போவேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. விளையாட்டுக்குள் குறிப்பு எழுத இடம் இருந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பேசவில்லை. இது பேச்சில் சேராது என்று நான் வைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. என் கணவர் கடையைப் பூட்டவும் மனமில்லாமல், என்னை விடவும் மனமில்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடையில் நடந்ததை அவர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

வழியில் ராணுவம் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்த யுத்த காலம். தனியாக நுவரெலியா வந்து பஸ் மாறி, நனைந்த குடையோடு கடைக்குள் ஏறினீர்களாம்.

"எங்க அவ?"

அவர் அதிர்ச்சியில் எழுந்து நின்றாராம். "என்னா அண்ணி, திடீர்னு…"

"ஒரு வாரமா வரல அவ. எங்கன்னு கேக்கறேன்."

"எங்க வரல?"

"கடலுக்கு."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் "ஆஸ்பத்திரியில" என்று சொன்னார். நீங்கள் குடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தீர்கள்.

கண் திறந்தபோது நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, முடியில் நரை. "நான் விட்ட எடத்துலயே கெடக்கா. ஒரு எட்டு நகரல" என்றீர்கள். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். "அழுதா தையல் பிரியும்" என்றீர்கள். நான் வீடு திரும்பும்வரை இருந்தீர்கள். உங்களைக் கூட்டிப்போக உங்கள் வீட்டுக்காரர் வரவேண்டியதாயிற்று. வந்தவர் தம்பியிடம் "ரத்தம் தேவப்படுமா?" என்று கேட்டார். "வேணாம், சரியாயிருச்சு" என்றார் இவர். அதற்குப் பிறகும் அவர்கள் தேவையானதை மட்டும்தான் பேசினார்கள். நம் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. போன் வந்தது, விசேஷங்களுக்கு வந்து போனோம். கொத்தமல்லியை மெல்ல மறந்தோம். சில வருஷங்களில் அந்த விளையாட்டையே மூடிவிட்டார்கள் என்று உங்கள் பெரியவன் சொன்னான். அவள் கடைசியாகச் சத்திரத்தில் இருந்தாளா, கடற்கரையில் இருந்தாளா, தெரியவில்லை.

நீங்கள் போனதும் வேகமாகத்தான். காலையில் நெஞ்சு வலி, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. எனக்குப் போனில்தான் தெரிந்தது. முன்னறிய எந்த வழியும் இல்லை. நான் கந்தப்பளை வந்து சேர்ந்தபோது உங்களைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெரியவன் கொழும்பில் தனியாக இருக்கிறான் அல்லவா, போன மாதம் அவன் போனில் போடும் ஸ்டேட்டஸ் சில நாட்களாக மாறவே இல்லை. வழக்கமாக அவன் தினமும் ஏதாவது ஒரு படம் போடுவான், சாப்பாட்டையோ மழையையோ. நான் அதைப் பார்ப்பதோடு சரி, எதுவும் எழுத மாட்டேன். என் கணவரிடம் சொன்னேன். "வேலையா இருப்பான், நீ ஒண்ணு" என்றார். அவருக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, காலை ரயிலில் ஏறினேன். அட்டன் ஸ்டேஷனில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில், முழங்கால் வலியோடு, சொல்லாமல் ஒருவன் வீட்டுக்குப் போவது சரியா என்று வட்டவளை தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

மூன்றாம் மாடி. நீண்ட நேரம் தட்டிய பிறகு கதவைத் திறந்தான். சவரம் செய்யாத முகம், போர்வையைப் போர்த்தியிருந்தான். உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வேலை போய்விட்டதைப் பிறகு சொன்னான்.

"என்னா சித்தி, இவ்வளவு தூரம்? யாரு என்னா சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதாண்டா வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.