ஓட்டை போடாமல் விட்ட தோங்

ஜெலுத்தோங், பினாங்கு
15 செப்டம்பர் 2025, திங்கள்

அன்பு மகள் எவ்லினுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் புனித அன்னம்மாள் தயவில் சோறு தண்ணீர் இறங்குகிற அளவுக்குச் சுகம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பிரையனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அதைத்தான் காலையில் கண் விழித்ததும் கேட்கிறேன், சாப்பாட்டுக்கு முன்னாலும் கேட்கிறேன், இப்போதெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்கிறேன். போன வாரம் நான் அனுப்பிய மெசேஜைப் பார்த்து நீ பயந்திருப்பாய். அம்மா கொடுத்தனுப்பிய கோவில் தண்ணீரை இனிக் குடிக்காதே என்று மட்டும் எழுதினேன், ஏன்ப்பா, தண்ணி கெட்டுப்போச்சா என்று கேட்டாய், கடிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனில் சொல்ல முடியவில்லை மா. நம் வீடு உனக்குத் தெரியாததா, ஹாலில் தும்மினால் குசினியில் கேட்கும், அதிலும் நான் உன்னிடம் பேசும்போது உன் அம்மாவுக்குக் காது இன்னும் நீளம். அதனால் மார்க்கெட் பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மேசை ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருநாளில் அம்மா ஊற்றில் பிடித்த தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளைத் தோங்கில்தான், அந்தப் பிளாஸ்டிக் கேனில்தான் குற்றம். அந்தத் தோங்கை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். உனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் அம்மா எவ்வளவு அழுதாள், அன்னம்மாளுக்கு எத்தனை நேர்த்தி வைத்தாள் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் உன் வயிறு நிறைந்த சந்தோஷத்தில் தோங் நிறையப் பிடித்து, அதிலிருந்து இரண்டு போத்தலில் ஊற்றி, உன் சின்னம்மா மகன் ஜோனத்தன் அங்கே வந்தபோது கொடுத்தனுப்பி, தினமும் ஒரு மூடி குடி என்று சொன்னாள். நீயும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை, அஞ்சு வாரமாகக் குடித்திருக்கிறாய். நீ கொஞ்சம் பேச்சுக் கேட்காத பிள்ளையாக வளர்ந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

நீ சின்னவளாக இருந்தபோது நான் பட்டர்வொர்த்தில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தது ஞாபகமிருக்கும், ஃபெரியில் போய் வருவேன். வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கிற மருந்து இருபது லிட்டர் தோங்குகளில் வரும், சின்னப் போத்தல்களில் பிரித்து ஊற்றுவார்கள், காலியானதும் மூன்று தடவை அலசி அடியில் ஓட்டை போட வேண்டும் என்பது சட்டம். யாரும் எடுத்துப் புழங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஓட்டை. அதற்கென்று மரப்பிடி போட்ட இரும்புக் குத்தூசி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஆனால் தோங் ஒவ்வொன்றும் நல்ல தடித்த பிளாஸ்டிக், மூடியைத் திருகினால் சொட்டு ஒழுகாது, கடையில் அப்படி ஒன்று வாங்கப் போனால் கிடைக்காது. நல்ல பொருளைக் குத்திப் போட எனக்கு மனசு வரவில்லை. பத்துக்கு எட்டைக் குத்துவேன், இரண்டை வீட்டுக்குக் கொண்டுவருவேன். சவுக்காரம் போட்டு, எலுமிச்சை தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்து, பிறகு மூக்கை உள்ளே விட்டுப் பார்ப்பேன். வாடை போனால் விஷம் போயிற்று என்பதுதான் என் படிப்பு. நம் பிளாட்டில் பைப்பில் தண்ணீர் நின்றுபோகிற நாட்களில் என் தோங் இல்லாத வீடே கிடையாது, லாரன்ஸ் அண்ணே, அடுத்த தடவ எனக்கு ஒண்ணு லா என்று மாடிப்படியில் மறித்துக் கேட்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பிளாட்டின் கீழ் மண்டபத்தில் ஒரு கூட்டம். பின்பக்கம் கத்தரியும் கீரையும் போடுகிறவர்கள் கண்டபடி மருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு சங்கத்திலிருந்து அதிரா என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள், கெமிஸ்ட்ரி படித்த பிள்ளை, நிதானமாகப் பேசினாள். சில பூச்சிமருந்துகளில் ஃப்ளோரின் என்று ஒன்றைச் சேர்த்துச் செய்கிறார்களாம், அதன் பிடி அவ்வளவு லேசில் விடாதாம். மருந்து மண்ணில் விழுந்து உடைந்தாலும் கடைசியாக ஒரு துண்டு உடையாமல் நிற்கும், அது தண்ணீரோடு கலந்து ஆற்றுக்கும் கிணற்றுக்கும் அரிசிக்கும் போய்ச் சேரும், காய்ச்சினாலும் போகாது, வீட்டு ஃபில்டரும் அதைப் பிடிக்காது என்றாள். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றுக் குட்டிகளுக்குக் கெடுதல் தெரிந்ததால், இதைக் கருவுக்கு ஆகாத பொருள் என்று வகைப்படுத்த வேண்டும் என்று ஐரோப்பாவில் கேட்டிருக்கிறார்களாம், மனிதர்களுக்கு எவ்வளவு போனால் என்ன செய்யும் என்பது இன்னும் முழுசாகத் தெரியாதாம். அவளுக்குத் தாகம் என்று கீழ்வீட்டு மர்ஜானா ரோஸ் சிராப் கலந்த தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை கிளாஸை வாங்கிவிட்டு, எதிலிருந்து ஊற்றினார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். குடிக்கவில்லை. எழுந்து போய்த் தோங்கைச் சாய்த்து அடியைத் தடவினாள். இது மருந்து தோங்காச்சே, அடியில ஓட்டையே இல்ல, யார் கொண்டாந்தது என்று கேட்டாள். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது.

கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியாகப் பிடித்து, உள்ளே என்னென்ன மருந்து வந்தது என்று மூன்று பெயர் சொன்னேன், முப்பது வருஷம் கழித்தும் எழுத்துப் பிசகாமல் சொன்னேன், என் ஞாபகசக்தியைப் பார். மூன்றில் இரண்டு அவள் சொன்ன ஜாதிதான். ஏழு தரம் கழுவினேனே என்றேன். அங்கிள், அலசுறது தூக்கிப் போடுறதுக்கு, குடிக்கிறதுக்கு இல்ல என்றாள். மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிக்கொள்ளும், அது போதாதென்று சில தோங்குகளின் உள்பக்கத்தையே ஃப்ளோரின் காட்டிப் பதப்படுத்துவார்கள், அதிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பார்த்தால் தெரியாது, மோந்தால் தெரியாது என்றாள். இவ்வளவு பழைய தோங்கில் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டேன். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் செய்யலாம், சோதித்தால்தான் தெரியும், ஆனால் யாரையும் குடிக்கச் சொல்லமாட்டேன் என்றாள். அன்றைக்குத்தான் மாடிப்படியில் நின்று உனக்கு மெசேஜ் போட்டேன். இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட ஒரு பக்கமாக நின்று அழுதிருப்பேன் மா, இந்த இருக்கலாம் என்னைத் தின்கிறது.

மறுநாள் கிடங்கில் வைத்திருந்த மாதிரியே ஒரு குத்தூசி தேடி வாங்கினேன். யார் யாருக்குத் தோங் கொடுத்தேன் என்று நினைவுபடுத்தி வீடு வீடாக ஏறினேன், இருபத்தாறு பேர் ஞாபகம் வந்தது, பதினாலு தோங் கிடைத்தது, மற்றதெல்லாம் கைமாறிப் போயிருக்கிறது, எங்கே யார் குடிக்கிறார்களோ. மர்ஜானா உடனே தூக்கிக் கொடுத்தாள், அவள் மகள் வயிற்றுப்பிள்ளைக்காரி. மேல்மாடி இப்ராஹிம்தான் தரமாட்டேன் என்றார். அண்ணே, முப்பது வருசம் குடிச்சாச்சு, ஒண்ணும் ஆகல, இனிமே என்ன ஆகப்போகுது லா என்று சிரித்தார். அவர் மனைவிக்குத் தைராய்டு, பெரிய மகனுக்கும் ஏதோ கோளாறு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யார் சொல்ல முடியும், இல்லை என்றுதான் யார் சொல்ல முடியும். நான் இறங்கி வந்தேன். இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் காலத்தில் அலசின தண்ணீரையெல்லாம் எங்கே ஊற்றினேன்? கிடங்குக்குப் பின்னால் ஓடுகிற லொங்காங்கில்தான், அந்தச் சாக்கடை நேரே கடலுக்குப் போகும். அதே கரையில் பொறுக்கிய சிப்பியை வாங்கி வந்து அம்மா பிரட்டித் தந்தாள், எல்லாரும் நக்கி நக்கிச் சாப்பிட்டோம்.

18 செப்டம்பர், வியாழன்

மூன்று நாளாகக் கடிதத்தை முடிக்க முடியவில்லை, அதற்குள் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் சொன்னேன். கிடைத்த தோங்கையெல்லாம் குத்தியாயிற்று, நம் வீட்டுத் தோங் மட்டும் பீடத்துக்குக் கீழே பாதித் தண்ணீரோடு நிற்கிறது. அதை என்ன செய்வது? மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது நம் வழக்கம். மண்ணில் ஊற்றவே கூடாது, மூடிக் கட்டி எங்கள் சங்கத்திடம் கொடுத்துவிடுங்கள் என்பது அதிரா சொன்னது. நேற்று அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன், தலைவலி என்று பாதியில் திரும்பியவள் வாசலில் நிற்கிறாள். திருடன் மாதிரி நின்றேன். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு அனுப்பிய இரண்டு போத்தல்வரை சொன்னேன். உன் அம்மா திட்டினால் எனக்குப் பயமில்லை, நாற்பது வருஷப் பழக்கம். அவள் திட்டவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டாள், நிறுத்திவிட்டாய் என்றேன், சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். மொத தோங்க எந்த வருசம் கொண்டாந்தீங்க என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்திருக்கும். உனக்கு நாலு வயது நடந்தபோது ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தானே உன் தம்பி, பெயர்கூட வைக்காமல் புதைத்துவிட்டு வந்தோமே, ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் தனியாக ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவாளே, அந்தத் தொண்ணூற்று நாலு. முப்பது வருஷமாக அது ஆண்டவர் சித்தம் என்று இருந்தாள். ஞாபகம் இல்ல ரோசு என்று சொன்னேன். மருந்தின் பெயரெல்லாம் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறவனுக்கு இது ஞாபகம் இல்லையாம். அவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய் வெங்காயம் உரித்தாள், நாங்கள் இரண்டு பேர் சாப்பிடுகிற குழம்புக்கு இருபது முப்பது வெங்காயம் உரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன் மகளே, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, தொண்ணூற்று மூன்று என்று ஒரு நேரம் தோன்றுகிறது, ஐந்து என்று ஒரு நேரம் ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உன் டாக்டரிடம் போய் ஒன்று விடாமல் சொல், அப்பா இப்படிச் செய்துவிட்டார் என்று என் பெயரைச் சொல்லியே சொல், வெட்கப்படாதே. என் பயத்தையும் நம்பாதே, இப்ராஹிமின் சிரிப்பையும் நம்பாதே, அவர்கள் சொல்வதைக் கேள். மிச்சத் தண்ணீரைச் சிங்கிலும் ஊற்றாதே, பூந்தொட்டியிலும் ஊற்றாதே, மூடியை இறுக்கி எடுத்து வை, சோதிக்க வழி இருக்கிறதா என்று விசாரி.

இன்னொரு வேலை இருக்கிறது, அது எனக்காக. கல்யாணமாகிப் போகும்போது உன் சின்ன வயது ஆல்பத்தை எடுத்துப் போனாய். அதில் உன் நாலாவது பிறந்தநாள் படம் ஒன்று இருக்கும், தொண்ணூற்று நாலு ஆகஸ்ட். நீ கேக்குக்கு முன்னால் நிற்கிறாய், அம்மா பச்சைச் சேலையில் வயிறும் பிள்ளையுமாக நின்று பிள்ளைகளுக்குச் சிராப் ஊற்றுகிறாள். எதிலிருந்து ஊற்றுகிறாள் என்று பார். கண்ணாடிக் கூஜா ஒன்று நம்மிடம் இருந்தது, அதாகவும் இருக்கலாம். மேசைக்குக் கீழேயும் பார். படத்தைப் போனில் அனுப்பாதே, என் போனை அம்மா திறப்பாள். வெள்ளைத் தோங் இல்லையென்றால் உடனே கூப்பிடு, அப்பா, கேக் நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொல், போதும். இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். நவம்பரில் உன் பிரசவத்துக்கு அம்மா விமானம் ஏறுவதற்குள் நானே அவளிடம் வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஆல்பத்தை அங்கே உட்கார்ந்து அவளாகப் புரட்டிக் கண்டுபிடிக்கக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், மாடிப்படியில் ஓடாதே. பிரையனுக்கு எங்கள் அன்பைச் சொல். அன்னம்மாள் உன்னையும் உன் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், என் கையால் வந்த தப்பு உன் வயிற்றுக்கு வராமல் போகட்டும். கடிதம் சேரப் பத்து நாள் ஆகும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். பதினோராம் நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அப்பா
லாரன்ஸ்