தொங்கிப்போன மணிக்கட்டு

ஆவணி 4, வியாழன்
வெயில். சிமெண்ட் ஆலை வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி வரிசை. நகரவே இல்லை. இடது கையை சீட் முதுகுக்கு மேலே தொங்கப் போட்டுத் தூங்கிவிட்டேன். ஹாரன் கேட்டு விழித்தால் மணிக்கட்டு தொங்குகிறது. விரல் மடங்குகிறது, விரியவில்லை. கியரில் வைத்தால் வழுக்குகிறது. பின்வண்டிக்காரன், "என்னண்ணே, பகல்லயே தண்ணியா?" தொட்டதே இல்லை நான். யாரிடம் சொல்ல.

ஆவணி 5, வெள்ளி
பெரம்பலூர், நரம்பு டாக்டர். சிரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "வாதம் இல்லீங்க. ரேடியல் நரம்பு." பேனாவால் கையிலேயே கோடு போட்டுக் காட்டினார். கழுத்தில் கிளம்பி, அக்குள் வழியாக, மேல்கை எலும்பின் பின்பக்கம் சுற்றி, முழங்கையின் வெளிப்புறம் வந்து இரண்டாகப் பிரிகிறது. மணிக்கட்டைத் தூக்குவதும் விரலை விரிப்பதும் அதன் வேலை. எலும்பை ஒட்டி ஓடும் இடத்தில் சீட் கம்பி அழுத்திவிட்டது. தானே திரும்புமாம், கொஞ்ச நாள் பிடிக்குமாம். மணிக்கட்டுப் பட்டை. பயிற்சி.
பஸ்ஸில் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓனர் போன்: "வேற ஆள் போட்டுட்டேன், நீ ரெஸ்ட் எடு." நல்ல மனசு.

ஆவணி 7, ஞாயிறு
டாக்டர் சொன்னதை வீட்டில் யார் கேட்கிறார்கள். மச்சினன் புறா பிடித்து வந்தான். வாதத்துக்குப் புறா ரத்தம்.
"முகம் கோணலயேடா."
"கோணறதுக்குள்ள தேய்ச்சுடணும் மாமா."
பேனாக் கோட்டின் மேலேயே சூடாகத் தேய்த்தான். நாற்றம், ஈ. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே நான் வாதக்காரன்.

ஆவணி 12, வெள்ளி
மகள் மலருக்குப் பூ வைக்க ஞாயிறன்று செட்டிகுளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண் பார்க்க வந்தபோதும் நான் லோடில்.
மனைவி காபியை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கு நீங்க பக்கத்து வூட்ல இருங்க. லோடுக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கிறேன். அப்பனுக்கு வாதம்னா பொண்ணு வேணாம்னுருவாங்க."
"டாக்டர் எழுதுனதக் காட்டு."
"அதை யாருங்க படிக்கிறாங்க? கையத்தான் பாப்பாங்க."
மலர் அடுப்படியில்தான் நின்றாள். கேட்டுக்கொண்டே பாலைக் கிளறினாள். அதுதான் எரிகிறது.

ஆவணி 14, ஞாயிறு
மேகமூட்டம். பக்கத்து வீட்டில் டிவி முன்னால் நான். நடுவில் ஒரு சுவர்தான், எல்லாம் கேட்கிறது. பூ வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா குரல்: "சம்பந்தி இன்னிக்கும் வரலீங்களா?"
மச்சினன்: "லோடு தூரங்க. லாரிப் பொழப்பு."
"தூங்குறப்ப கையப் பாத்துக்கச் சொல்லுங்க. எந்தம்பிக்கு இப்படித்தான் வண்டியில தூங்கி மணிக்கட்டு தொங்கிப்போச்சு. வாதம்னு ஊரே சொல்லுச்சு. தானா சரியாயிடுச்சுங்க."
என் மனைவி, மச்சினன், மலர், யாரும் "எங்க வூட்லயும் அதேதாங்க" என்று சொல்லவில்லை.
எழுந்து வாசல்வரை போனேன். செருப்பும் போட்டாயிற்று. லோடுக்குப் போனவன் பக்கத்து வீட்டிலிருந்து எப்படி வருவது?
செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தேன்.